முத்துமாரிக்கு ஒரு கீர்த்தனை: அடுக்குகளைக் கட்டும் முறை

ஓர் ஆடி வெள்ளிக்கிழமை மாலை. எங்கள் பக்கத்து அம்மன் கோயிலொன்றின் வசந்த மண்டபத்தில், நான் முதன்முதலாகக் கட்டிய கீர்த்தனையை என் மாணவிகள் நால்வர் பாடினார்கள். ஐந்து இராகங்களில் இராகமாலிகை. சரணத்துக்குச் சரணம் நடை மாறும். நடுவில் கண்டநடையில் ஒரு சிட்டைச்சுரம். பிள்ளைகள் பிழையின்றிப் பாடி முடித்தார்கள். வீபூதி வாங்க வந்த ஓர் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “பிள்ளை, பாட்டு நல்லாத்தான் கிடக்கு. அம்மாளாச்சியின்ரை பேர் எங்கையம்மா வந்தது?”

பேர் வந்ததுதான். மூன்றாம் சரணத்தில், கண்டநடைக்குள், இரண்டு சுரக்கோவைகளுக்கு நடுவே ஒரேயொரு முறை வந்தது. கட்டிய எனக்குத் தெரியும். கைகூப்பி நின்ற அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பாட்டை மறுபடி எந்தக் கோயிலிலும் பாடுவிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதன்பின் எனக்கென்று வகுத்துக்கொண்ட முறையைத்தான் இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன். கோயிற் பாட்டில் எத்தனை அடுக்குகளும் வைக்கலாம். ஆனால் மேலடுக்கு, கூட்டத்தின் கடைசியில் நிற்பவர் ஒரே தரத்தில் வாங்கித் திருப்பிப் பாடக்கூடியதாக இருக்கவேண்டும். மற்ற அடுக்குகள் அதன் அடியில் கிடக்கவேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி மண் அப்படித்தான் இருக்கிறது. மேலே செம்மண்ணும் வெங்காயப் பாத்தியும்; தோண்டினால் சுண்ணாம்புக்கல்; அதற்குள்ளே நல்ல தண்ணீர். பாத்தியில் நிற்பவருக்குப் பயிர் போதும், கிணறு வெட்டுபவருக்கு ஊற்றும் கிடைக்கும்.

எழுதுமுன் கேட்கவேண்டியவை

பேனையை எடுக்குமுன் ஒரு மாதமாவது கோயிலில் இருந்து கேளுங்கள். பூசை முடிவில் பஞ்சபுராணம் பாடுபவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லை நீட்டுகிறார் என்று கவனியுங்கள். புராணபடனம் நடக்கிற கோயிலென்றால் கட்டாயம் போய் இருங்கள். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். இந்த ஊர்ச் சைவாசிரிய கலாசாலையில் நீண்டகாலம் கற்பித்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986), யாழ்ப்பாணத்தாரின் வாழ்வையே கந்தபுராண கலாசாரம் என்று சொன்னவர். அந்தக் கலாசாரத்தின் ஒலிவடிவம் புராணபடனத்தில் இருக்கிறது. நல்ல வாசிப்புக்காரர் பொருள் முடிகிற இடத்தில்தான் செய்யுளை உடைப்பார். தாளத்துக்காகவோ தன் குரலுக்காகவோ சொல்லை நடுவில் பிளக்கமாட்டார். கீர்த்தனை கட்டுபவர் படிக்கவேண்டிய முதற்பாடம் அது.

தேவாரத்தையும் பண்ணோடு படியுங்கள். ஈழத்துத் தலங்கள் இரண்டுக்குமாக நம்மிடம் மூன்று பதிகங்கள் உள்ளன. திருக்கோணமலைக்குச் சம்பந்தர் பாடியது புறநீர்மைப் பண். திருக்கேதீச்சரத்துக்கு அவர் பாடியது நட்டராகம். சுந்தரர் பாடியது நட்டபாடை. இன்று இவற்றை முறையே பூபாளம், பந்துவராளி, கம்பீரநாட்டை இராகங்களில் பாடுகிறார்கள். மூன்றையும் அடுத்தடுத்துப் பாடிப் பார்த்தால், ஒரே இறைவனை அணுகும் மூன்று மனநிலைகள் காதில் விழும்.

நுட்பமான அமைப்புக்கும் பக்திக்கும் ஒத்துவராது என்று யாராவது சொன்னால், தருமபுரத்து யாழ்மூரியை நினைவூட்டுங்கள். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழில் அடங்காதபடி சம்பந்தர் பாடிய பதிகம் அது. கருவியே தோற்றுப்போன அந்தப் பதிகத்திலும் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன.

இணுவிலில் ஒரு பாடம்

இராமநாதன் இசைக் கல்லூரி இருக்கும் மருதனார்மடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இணுவில். அங்கே பிறந்தவர் ந. வீரமணி ஐயர் (1931–2003). கலாஷேத்திராவில் நடனம் பயின்றவர், பாபநாசம் சிவனிடம் இசை கற்றவர், 72 மேளகர்த்தா இராகங்களிலும் கீர்த்தனை இயற்றியவர். சென்னையில் இருந்த காலத்தில் மயிலாப்பூர்க் கற்பகாம்பாள்மீது அவர் எழுதிய ‘கற்பகவல்லி’ பாட்டை டி. எம். சௌந்தரராஜன் பாடினார். தமிழ் கேட்கிற நாடுகளிலெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. பாடுகிறவர்களில் பலருக்கு அதை எழுதியவர் இணுவில்காரர் என்பது தெரியாது. அது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அந்தப் பாட்டை மாணவர்கள் பிரித்துப் பார்க்கவேண்டும். ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்று நான்கு இராகங்கள். ஒவ்வொரு சரணத்திலும் அந்தந்த இராகத்தின் பெயர் சாகித்தியத்துக்குள் வருகிறது. இராகமுத்திரை என்று இதற்குப் பெயர். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) 14 இராகங்களில் அமைத்த இராகமாலிகையில் இதையே செய்திருக்கிறார். வீரமணி ஐயரின் திறமை, அந்த நான்கு பெயர்களையும் அம்பாளின் பெயர்களாகவே ஆக்கிவிட்டதில் இருக்கிறது. இராகம் தெரியாதவருக்கு அவை தாயை அழைக்கும் விளிகள். தெரிந்தவருக்கு, அழைப்பு வரும்போதே இராகத்தின் முகமும் தெரிகிறது. பல்லவியைக் குழந்தையும் பாடும். நான் முன்பு சொன்ன மேலடுக்கு, அடியடுக்கு இரண்டும் அங்கே ஒன்றையொன்று மறைக்காமல் இருக்கின்றன.

நான் ஐந்து இராகம் வைத்தேன், அவர் நான்கு வைத்தார். எண்ணிக்கையில் என்ன இருக்கிறது?

இராகத்தைத் தேர்தல்

இனி ஒரு பாட்டை உங்கள் முன்னால் கட்டுகிறேன். ஊர் திருநெல்வேலி, பேச்சில் தின்னவேலி. தெய்வம் முத்துமாரியம்மன். தாளம் ஆதி.

மாரி என்றதும் மாணவர்கள் அமிர்தவர்ஷிணிக்கு ஓடுகிறார்கள். எட்டயபுரத்துக்குப் போகும் வழியில் தீட்சிதர் அந்த இராகத்தில் பாடி மழை பெய்த கதை எல்லாருக்கும் தெரியும். கதைக்காக இராகத்தை எடுக்காதீர்கள். பெயரைத் தொட்டுப் பாருங்கள். மாரி: மா, ரி. மத்திமமும் ரிஷபமும் அந்தப் பெயருக்குள்ளேயே கிடக்கின்றன. சொல்லின் எழுத்தும் அதன் சுரமும் ஒன்றாக அமைவதை ஸ்வராக்ஷரம் என்பார்கள். அமிர்தவர்ஷிணியில் ரிஷபம் இல்லை. ஆகவே அம்மனின் பெயரை அது சொல்லாது. மத்தியமாவதியில் ஸ ரி ம ப நி என்ற ஐந்தும் இருக்கின்றன. இறங்கும்போது மத்திமத்துக்கு அடுத்தது ரிஷபம்தான்.

மேற்கில் இசைக் கட்டடம் கட்டியவர்களில் பெரியவரான பாக் (BACH), தம் பெயரின் நான்கு எழுத்துகளையும் சுரங்களாக்கித் தம் கடைசிக்காலப் படைப்பொன்றில் வைத்தார். அவர்கள் சுரங்களுக்கு எழுத்துகளால் பெயரிட்டிருப்பதால் அது முடிந்தது. நமக்கும் அதே வசதி உண்டு. நாம் அதைத் தெய்வத்தின் பெயருக்குப் பயன்படுத்துவோம்.

பல்லவி:

மாரி நீ பாராய் – எங்கள்
மண்குளிரப் பாராய் – முத்து (மாரி)

முதல் நான்கு எழுத்துகளைப் பாருங்கள். மா, ரி, நீ, பா. மத்திமம், ரிஷபம், மந்தர நிஷாதம், மந்தர பஞ்சமம். நடுவில் ஸட்ஜத்தைத் தொட்டுக் கடந்தால் இது மத்தியமாவதியின் நேரான இறக்கம். பெயர் மேலிருந்து மழைபோல இறங்குகிறது. தேடிப் பிடித்த வித்தையல்ல இது. பெயருக்கேற்ற இராகம் கிடைத்ததும் தானாக வந்தது. ஸ்வராக்ஷரத்துக்காகச் சொல்லை முறிக்கவேண்டி வந்தால் அதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது எடுப்பு. ‘மாரி’ சமத்தில் விழுகிறது. முதற்தரம் பாடும்போது வெறும் மாரிதான். வரி முடிந்து ஆவர்த்தனத்தின் கடைசி மூன்று மாத்திரையில் ‘முத்து’ வந்து மறுபடி சமத்தில் ‘மாரி’ சேரும்போதுதான் பெயர் நிறைகிறது. எத்தனை தரம் பல்லவிக்குத் திரும்பினாலும் அத்தனை தரமும் அம்மனின் முழுப்பெயர் கூட்டத்தின் காதில் விழும். ஆச்சியின் கேள்விக்கு நான் கொடுக்கும் பதில் அது.

எதுகையும் மோனையும்

அனுபல்லவி:

வேரினில் ஈரமாய் வெயிலினில் நிழலாய்
ஊரினில் நிறைந்தாய் உயிர்க்கெல்லாம் தாயாய் – முத்து (மாரி)

மாரி, வேரி, ஊரி: இரண்டாம் எழுத்து ஒன்றாக வருகிறது, முதலெழுத்து மூன்றிலும் நெடில். பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் உள்ள இந்த உறவைக் கைவிடாதீர்கள். பாடுபவர் வரியை மறந்து தடுமாறும்போது எதுகைதான் கைகொடுக்கும். வேரினில், வெயிலினில், ஊரினில், உயிர்க்கு என்று மோனையும் உண்டு. மோனை, தாளத்தின் பாதியில் விழும்படி பார்த்துக்கொண்டால் தட்டுபவரின் கைக்கு ஊன்றுகோலாக இருக்கும்.

சரணம்:

செம்மண்ணின் மார்பினில் சிலிர்த்தெழும் ஊற்றே
அம்மையே அடியவர் அகங்குளிர் காற்றே

சரணத்தில் எதுகை மாறலாம். இங்கே ம்ம. முதலில் ‘சுரந்தெழும் ஊற்றே’ என்றுதான் எழுதினேன். பொருள் அதற்கே கூடப் பொருந்தும். ஆனால் செ, சு இரண்டுக்கும் மோனை கிடையாது. செ, சி இரண்டுக்கும் உண்டு. ‘சிலிர்த்தெழும்’ என்று மாற்றியபோது, வெட்டிய கிணற்றில் முதல் ஊற்றுக் கண் திறக்கும் கணமும் சொல்லுக்குள் வந்துவிட்டது. யாப்பு இப்படியும் சில நேரம் கொடுக்கும்.

பசுவின் வால்

சரணத்தின் முடிவுதான் இந்தப் பாட்டின் ஆழமான அடுக்கு. தீட்சிதர் திருவாரூர்த் தியாகராசர்மீது ஆனந்தபைரவியில் செய்த ‘தியாகராஜ யோக வைபவம்’ கீர்த்தனையின் பல்லவியில், ஒரு நீண்ட தொடர் முன்னாலிருந்து தேய்ந்துகொண்டே போகும். தேயத் தேய ஒவ்வொரு துண்டும் பொருள் தரும். பசுவின் வால்போலத் தடித்துத் தொடங்கி மெலிந்து முடிவதால் இதைக் கோபுச்ச யதி என்கிறோம். அதே கீர்த்தனையின் சரணத்தில் தலைகீழாக, ஆறு விரிவதுபோல வளரும் சுரோதோவக யதியும் இருக்கிறது.

நம் ஊர்ப்பெயரே கோபுச்சத்துக்கு வாய்ப்பானது:

திருநெல்வேலி வாழ்வே
நெல்வேலி வாழ்வே
வேலி வாழ்வே
வாழ்வே

ஊரின் வாழ்வே, நெல் சூழ்ந்த வேலியின் வாழ்வே, வேலிக்குள் இருக்கும் எங்கள் வாழ்வே. கிடுகு வேலிக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மூன்றாவது வரி எதைத் தொடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி கணக்கு. குறில் ஒன்று; நெடில் இரண்டு; ஒற்றோடு வரும் குறிலும் இரண்டு; ஒற்றோடு வரும் நெடிலும் இரண்டுதான். திருநெல்வேலி என்பதற்கு 1, 1, 2, 2, 1 ஆக 7. வாழ்வே 4. முதல் வரி 11 மாத்திரை. இரண்டாவது 9. மூன்றாவது 7. இரண்டிரண்டாகக் குறைகிறது. நான்காவதாக 5 வரவேண்டும், ‘வாழ்வே’ 4தான். நான்கையும் கூட்டினால் 31. ஆதி தாளத்தில் அடிக்கு நான்கு வைத்தால் ஓர் ஆவர்த்தனம் 32.

ஒரு மாத்திரை இடிக்கிறது. ‘வாழ்வே’யை நீட்டி நிரப்பலாம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், நானும் இரண்டு நாள் அப்படிப் பாடிப் பார்த்தேன். அப்போது ‘முத்து’வுக்கு இடமில்லாமல் போனது, பெயர் பாதியாகவே நின்றது. பிறகு நான்காவது வரியையே எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இரண்டு மாத்திரை கார்வை. பின் மூன்று மாத்திரை ‘முத்து’. இரண்டும் மூன்றும் ஐந்து. 11, 9, 7, 5. கூட்டினால் 32. வால் தேய்ந்து மௌனமாகி, அந்த மௌனத்திலிருந்து அம்மனின் பெயர் எழுந்து சமத்தில் விழுகிறது.

கார்வையை ஒருபோதும் ஒலியால் நிரப்பாதீர்கள். மிருதங்கக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சங்கதி, சிட்டைச்சுரம்

சங்கதி வைக்கும்போது ‘மாரி’யை அசைக்கக்கூடாது. அது சமத்தில், தன் சுரத்தில், அப்படியே நிற்கட்டும். மாற்றமெல்லாம் ‘பாராய்’ என்ற சொல்லில். முதற்சங்கதியில் பார்வை பக்கத்தில் விழுகிறது, மந்தர பஞ்சமத்திலேயே முடியும். இரண்டாவதில் மத்திமம்வரை உயரும். மூன்றாவதில் தாரஸ்தாயி ரிஷபத்தைத் தொட்டுத் திரும்பும். மூன்று போதும். நான்காவது சங்கதி பாடகியின் திறமையைக் காட்டும். பாட்டுக்கு எதையும் சேர்க்காது.

சிட்டைச்சுரத்தின் கடைசி ஆவர்த்தனத்தை மட்டும் தருகிறேன். கோர்வை இது:

ரி ம ப நி ப ம ரி ம ரி

ஒன்பது சுரம். கடைசி இரண்டும் ‘ம ரி’. இதை மூன்று தரம் பாடவேண்டும். இடையில் இரண்டு தரம் ஒவ்வொரு மாத்திரை கார்வை. 27ம் 2ம் 29. மிச்சம் மூன்றில் ‘முத்து’. மூன்று தரம் சுரத்தால் அழைத்தபின் நான்காம் தரம் சொல்லால் மாரி வருகிறாள். நடை மாற்றம் எதுவும் இல்லை. இத்தனை கணக்கும் சதுசிரத்துக்குள்ளேயே அடங்கும்போது கண்டநடை எதற்கு?

பாட்டைச் சோதித்தல்

மூன்று இடங்களில் காட்டுங்கள். முதலில் ஒரு நாதஸ்வரக்காரரிடம். சாகித்தியத்தைச் சொல்லாமல் மெட்டை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். சொல்லில்லாமலும் அது கோயிற் பாட்டாகக் கேட்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். அடுத்தது ஒரு தவில் வித்துவான். ‘லயஞான குபேர பூபதி’ என்று போற்றப்பட்ட தவில் தட்சிணாமூர்த்தி (1933–1975) பிறந்த இணுவில் நமக்குப் பக்கத்தில்தான். மேளச்சமா கேட்டு வளர்ந்த இந்த வட்டாரத்தில், கணக்கு எங்கே சறுக்குகிறது என்று விரலால் காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகக் கூச்சப்படாதீர்கள். மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி, மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த இடம். தவில் வித்துவானுக்குப் பாடிக் காட்ட ஆள் வேண்டுமென்றால், இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருக்கும் அங்கே பயிலும் பிள்ளைகள் புதுப்பாட்டுகளை ஆசையோடு பாடிக் காட்டுவார்கள்.

மூன்றாவது சோதனை வீட்டில். இசை படிக்காத ஒருவர் காதில் படும்படி, குசினியிலோ கிணற்றடியிலோ பல்லவியை நாலைந்து தரம் பாடுங்கள். ஒன்றும் கேட்காதீர்கள். பின்னேரம் அவர் வாயில் ‘முத்து’வும் ‘மாரி’யும் சேர்ந்து வந்தால் பாட்டைக் கோயிலுக்குக் கொண்டுபோகலாம். ‘மாரி’ மட்டும் வந்தால் எடுப்பைத் திருத்தவேண்டும்.

கடைசியாக, எழுதிவைத்தல். போர்க்காலத்து 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நாங்கள் சைக்கிளில் ஏற்றிய மூட்டைக்குள் என் சுரதாளக் கொப்பிகள் இல்லை. திரும்பி வந்தபோது வீடும் இல்லை. அதற்குமுன் கட்டிய பாட்டுகளில் பல்லவிகள் சில மாணவிகளின் நினைவில் இருந்தன. சிட்டைச்சுரங்கள் ஒன்றுகூட இல்லை. ஆகவே, பாட்டு முடிந்த அன்றே சுரத்தை மாத்திரைக் கோட்டோடு எழுதுங்கள். கார்வை இருக்குமிடத்தில் எத்தனை மாத்திரை என்று எண்ணால் குறியுங்கள். வெறும் காற்புள்ளி போட்டுவிட்டுப் போகாதீர்கள். சுருதி, எடுப்பு, கோயில், முதலில் பாடிய நாள் நான்கையும் தலைப்பில் எழுதுங்கள். போனில் ஒரு பதிவு எடுங்கள். கொப்பியில் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். இன்னொரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் ஒரு மாணவியின் வீட்டில் கொடுத்துவையுங்கள்.